சுண்ணாம்பிலிருந்து சிமென்ட்டுக்கு: வீடு கட்டுவதில் நேரும் பிழைகளின் வரலாறு

தமிழ்நாட்டில் வீடு கட்டும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்குள், அடியோடு மாறியது. சுண்ணாம்பும் தேக்குக் கட்டையும் நாட்டுச் செங்கலும் விலக, சிமென்ட்டும் இரும்புக் கம்பியும் அந்த இடத்தைப் பிடித்தன. பொருள் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. சுண்ணாம்புக்குப் பொருந்திய சில வழக்கங்கள் சிமென்ட்டிலும் தொடர்ந்தன. சுண்ணாம்புக் காலத்தில் தவறாமல் செய்த சில காரியங்களோ, சிமென்ட் இருக்கும்போது எதற்கு என்று கைவிடப்பட்டன. இன்று புது வீடுகளில் காணும் விரிசல், ஒழுகல், ஓதம், துருவேறிய கம்பி ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டில் ஒன்றே காரணம்.

சுண்ணாம்புக் காலம்

சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீரூற்றித் தாளித்து, மணலோடு சேர்த்து அரைத்தால் கிடைப்பதே பழைய கட்டடங்களின் சாந்து. வட்டமான கல்வாய்க்காலில் மாடுகள் இழுக்கும் கல் உருளை சாந்தை மணிக்கணக்காக அரைக்கும். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லக் கரைசலும் அதில் சேரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் சுண்ணாம்பு கெட்டிப்படும். அதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால் சுவரைச் சில அடி உயர்த்தி, நிறுத்தி, ஆறவிட்டு மேலே ஏற்றினார்கள்.

இந்தச் சாந்தின் வலிமை குறைவு, இணக்கம் அதிகம். அஸ்திவாரம் சிறிது அமர்ந்தாலும் சுவர் அதற்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும். சுவருக்குள் ஏறிய ஈரம் பூச்சின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள சுவர்கள் வீட்டின் பாரத்தைத் தம் முழு நீளத்திலும் பரப்பி மண்ணில் இறக்கின.

மாடி போடும் முறையில் பெயர் பெற்றது மெட்ராஸ் டெரஸ். உத்தரங்களின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், கட்டைகளுக்குக் குறுக்காகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் பதிப்பார்கள். அது இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை சில அங்குலக் கனத்துக்குப் பரப்பப்படும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிறு மரக்கட்டைகளால் அதை நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத்தட்டக் கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளிக்கப்படும். கட்டை பட்டுத் தெறிக்கும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகே மேலே தட்டோடு பதிப்பார்கள். ஓட்டத்துக்கான வாட்டம் அப்போதே தளத்தில் அமைந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகள் இந்தச் சுண்ணாம்புத் தொழிலின் உச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுந்த அவ்வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்ந்து, சுவர் சலவைக்கல்போல் மின்னியது. தெரு மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிய தரையும், கூரை நீரை உள்வாங்கும் முற்றமும், அந்நீரை ஊருணிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்களும் ஒரே திட்டத்தின் பகுதிகள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

அந்தக் காலத்துக்கும் அதற்கே உரிய பிழைகள் உண்டு. உத்தரத்தின் முனையைக் காற்றுப் புகாமல் சுவருக்குள் புதைத்தால் மரம் உளுத்தது, கரையான் ஏறியது. மாடித் தளத்தின் வெடிப்பில் முளைத்த ஆலஞ்செடியையும் அரசஞ்செடியையும் பிடுங்காமல் விட்ட வீடுகள் வேரோடியே பிளந்தன. ஆனால் இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். ஒரு கட்டையை மாற்றலாம், ஒரு செடியைப் பிடுங்கலாம். கான்கிரீட்டின் பிழைகள் உள்ளுக்குள் மறைந்திருந்து, சரிசெய்ய முடியாத கட்டத்தில்தான் வெளியே தெரிகின்றன.

சிமென்ட் வந்த வழி

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவுக்கு அது முதலில் கப்பலில் வந்த இறக்குமதிச் சரக்கு. 1904இல் சென்னையில் கடற்கிளிஞ்சலைக் கொண்டு சிமென்ட் தயாரிக்கும் முயற்சி ஒன்று நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் உற்பத்தி வேரூன்றியது. தமிழ்நாட்டில் கோவையை அடுத்த மதுக்கரை ஆலை 1930களிலும், திருச்சி மாவட்டத்து டால்மியாபுரம் ஆலை 1939இலும், திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்து ஆலை 1949இலும் வந்தன.

இரண்டாம் உலகப் போர் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் தேக்கு வரத்து நின்றது. நீண்ட உத்தரங்கள் கிடைக்காதபோது கான்கிரீட் தளமே வழியாயிற்று. அதே போர்க்காலத்தில் சிமென்ட்டும் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வீடு கட்டுபவர் சிமென்ட்டுக்குப் பர்மிட் வாங்க அலைந்தார். கிடைக்காதவர் கள்ளச்சந்தைக்குப் போனார். 1982இல் பாதியளவும் 1989இல் முழுவதுமாகவும் கட்டுப்பாடு நீங்கியது.

இரண்டு எதிரெதிரான பிழைகள் இந்த வரலாற்றிலிருந்து பிறந்தன. பற்றாக்குறைக் காலத்தில் சிமென்ட்டைச் சிக்கனம் பிடித்தார்கள். பதுக்கலில் கிடந்து கட்டிபிடித்த மூட்டையையும் உடைத்துக் கலந்தார்கள். தாராளமாகக் கிடைத்த காலத்தில், கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலம் என்று நம்பினார்கள். சிமென்ட் மிகுந்த பூச்சு காயும்போது அதிகமாகச் சுருங்கி, சுவரெங்கும் முடி போன்ற விரிசல்களைக் காட்டும். மூட்டையின்மேல் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக வாங்குவதும், வேலைக்கேற்ற விகிதத்தை மீறாமல் கலப்பதுமே சரியான வழி.

நிலமும் மண்ணும்

மனை தேர்வு பற்றிய எச்சரிக்கை பழமையானது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் ஒரு சோதனையைச் சொல்கின்றன. மனையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணைத் திரும்பக் குழியிலேயே போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், போதாவிட்டால் ஆகாது. இதில் பொறியியல் அறிவு உண்டு. இறுகிய மண்ணைத் தோண்டினால் அதன் கனஅளவு பெருகும். தளர்ந்த மண்ணோ, பழைய குழியை நிரப்பிய மண்ணோ அப்படிப் பெருகாது.

ஆனால் அந்தச் சோதனை கனமான சுவர் வீட்டுக்கு உரியது. கான்கிரீட் தூண் வீட்டில் மொத்தப் பாரமும் சில புள்ளிகளில் குவிந்து இறங்குகிறது. ஒரு முழ ஆழத்து மண் அதற்குச் சாட்சி சொல்லாது. துளையிட்டு, அடுக்கடுக்காக மண்ணின் தாங்குதிறனை அளந்து, அதைக் கொண்டு அடித்தளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் பொறியாளர் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி தோண்டினார் என்று இங்கும் ஐந்தடி தோண்டுவது மிகப் பரவலான பிழை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டி முடிக்கும் தறுவாயிலிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து 61 பேர் இறந்தார்கள். மண் ஆய்வு, தூண் கணக்கு என்ற சொற்கள் அதன் பிறகு பொதுமக்களின் பேச்சிலும் அடிபட்டன.

கரிசல் மண்ணில் சிக்கல் வேறு வகை. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஏறி இறங்க, சுவர் மூலைக்கு மூலை பிளக்கும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்காக, அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் துளைத்தூண்களை உருவாக்கிப் பரப்பியது. உப்பிச் சுருங்கும் மேலடுக்கைத் தாண்டி, ஈரநிலை மாறாத ஆழத்தில் வீட்டை நிறுத்துவதே அதன் தத்துவம்.

நீர்நிலையில் கட்டுவது நகரங்களின் பிழை. சென்னையில் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் வீட்டுவசதி வாரியமே ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே முகப்பேரில் குடியிருப்பு அமைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மனை வாங்குபவர் கிராம நிர்வாக அலுவலகத்தில் நில வகைப்பாட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் பார்த்தால், ஏரியா, வாய்க்காலா, புறம்போக்கா என்பது தெரிந்துவிடும். மழைக்காலத்தில் ஒருமுறை மனையை நேரில் பார்ப்பது அதைவிட எளிது.

பேஸ்மட்டம்

திண்ணை வைத்த வீடுகள் தெருவிலிருந்து பல படிகள் உயர்ந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் செலவைக் குறைக்கவும் வண்டியை எளிதாக ஏற்றவும் பேஸ்மட்டம் தாழ்ந்தது. அதே காலத்தில் நகரச் சாலைகள் பழைய தாரைச் சுரண்டாமல் அடுக்கின்மேல் அடுக்காகப் போடப்பட்டு உயர்ந்துகொண்டே போயின. சென்னையின் பல தெருக்களில் பழைய வீடுகள் இன்று சாலைக்குக் கீழே கிடப்பதற்கு இதுவே காரணம். இப்போதைய சாலை மட்டத்தை வைத்து உயரம் முடிவு செய்வது போதாது. இருபது முப்பது ஆண்டுகளில் அது எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பேஸ்மட்டத்துக்குள் எதைப் போட்டு நிரப்புவது என்பதில் இன்னொரு பிழை நேர்கிறது. இடிபாடு, களிமண், வேர் கலந்த மேல்மண் ஆகியவற்றைக் கொட்டி, ஒரே நாளில் மூடித் தரை போட்டுவிடுகிறார்கள். ஓரிரு மழைக்குப் பின் டைல்ஸ் தட்டினால் வெற்றொலி கேட்கும். பிறகு தரை அமரும். கிராவலையோ மணலையோ அரையடி முதல் முக்காலடி அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கிய பிறகே அடுத்த அடுக்குப் போக வேண்டும். தரைமட்டத்தில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கும், மண்ணில் கரையான் மருந்தும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டியவை. வீடு முடிந்த பிறகு செய்யும் கரையான் மருந்து வேலை சுவரோரத்தைத் துளையிட்டுச் செய்யும் அரைகுறை வேலைதான்.

மணலும் கலவையும்

ஆற்று மணல் எளிதாகக் கிடைத்தவரை அதைச் சோதிக்கும் பழக்கமே இல்லை. 2003இல் மணல் குவாரிகளை மாநில அரசு தன் வசம் எடுத்தது. தட்டுப்பாடு முற்றியபோது உப்பு மணலும் மண் கலந்த மணலும் சந்தைக்கு வந்தன. பிறகு எம்சாண்ட் என்னும் பாறைத்தூள் மணல் பரவியது. முறையாகத் தயாரித்துக் கழுவிய எம்சாண்ட் கான்கிரீட்டுக்கு ஏற்றதே. 2016இல் திருத்திய இந்தியத் தர விதி அதை ஏற்கிறது. கிரஷரில் மிஞ்சும் தூசியை எம்சாண்ட் என்று விற்பதும் வாங்குவதும்தான் பிழை.

மணலைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, சிறிது உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மணல் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் மெல்லிய படலமாகப் படியும். மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் வண்டல் இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புவது நல்லது.

கலவையைக் கையாளும் முறையில் சுண்ணாம்புக் காலப் பழக்கம் இன்றும் தெரிகிறது. தாளித்த சுண்ணாம்பு ஈரத்தோடு கிடக்கக் கிடக்கப் பக்குவப்படும். மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குற்றமில்லை. சிமென்ட் அப்படியல்ல. தண்ணீர் பட்ட அரைமணி நேரத்துக்குப் பிறகு அது எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். சாப்பாட்டு நேரத்தில் போட்டுவைத்த கலவையைத் திரும்பி வந்து தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசினால், இறுகத் தொடங்கிய பிணைப்பு அறுந்துபோகும். அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் விரல் பட்டாலே மணலாக உதிரும்.

பழைய சுண்ணாம்புச் சுவரைச் சிமென்ட்டால் பழுதுபார்ப்பதும் இதே வகைப் பிழை. மூச்சு விட்டுக்கொண்டிருந்த சுவரின்மேல் ஈரம் புகாத தோல் விழுகிறது. உள்ளே அகப்பட்ட ஈரம் உப்பைச் சுமந்து செங்கல் முகத்துக்கு வந்து பூக்கும். பூச்சு செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

தளமும் கம்பியும்

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவை வரும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும் என்பதே கம்பிக் கான்கிரீட்டின் அடிப்படை. மரக்கட்டை போட்ட மாடியில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்ற கேள்வியே எழவில்லை. கான்கிரீட்டில் அதுவே உயிர்நிலை. இரு சுவருக்கு நடுவே நிற்கும் தளத்துக்குப் பிரதானக் கம்பி அடியில் வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது மேலே வேண்டும். பழைய வீடுகளில் வெளித்தாழ்வாரத்தை மரத்தூண்கள் தாங்கின. தூணில்லாமல் அந்தரத்தில் நிற்பது கான்கிரீட் தந்த வசதி. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்த மேல்கம்பி கீழே போய்விட்டால், முட்டு எடுத்த அன்றோ சில ஆண்டுகள் கழித்தோ பால்கனி முறியும்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இந்தியக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 முதலில் 1953இல் வந்து, 2000இல் முழுத் திருத்தம் கண்டது. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் மேல்மூடலை அது கேட்கிறது. மெல்லிய கம்பிக்கு 15 வரை குறைக்கலாம். கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையின்மேல் கிடத்தியும், ஜல்லியை முட்டுக்கொடுத்தும் கொட்டிய தளங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கம்பி துருவேறுகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் அடியிலுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். கூரையிலிருந்து பெயர்ந்து விழும் கட்டிகளுக்குக் காரணம் இதுதான். கடலோரத்தில் இந்த மூடல் இன்னும் கூட வேண்டும். உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கு விடுவது துருவை நாமே உள்ளே வைத்து மூடுவதாகும்.

கலவை எளிதாக ஓட வேண்டும் என்று கொத்தனார் தண்ணீரை அள்ளி ஊற்றுவது இன்னொரு பிழை. சிமென்ட்டின் எடையில் பாதி அளவை ஒட்டிய தண்ணீரே போதும். மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகளாகி, பின்னாளில் மழைநீர் இறங்கும் வழியாகும். 2000ஆம் ஆண்டு விதி கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரத்தை எம்15இலிருந்து எம்20ஆக உயர்த்தியது. பர்மிட் காலத்து ஒன்று, இரண்டு, நாலு (சிமென்ட், மணல், ஜல்லி) என்ற கலவையையே இன்றும் சொல்லும் மேஸ்திரி கால் நூற்றாண்டு பின்தங்கியிருக்கிறார்.

நீராற்றுதலில் நடப்பது முரண்பாடானது. சுண்ணாம்புத் தளத்தை நாள்கணக்கில் நனைத்துத் தட்டிய ஊரில், சிமென்ட் சீக்கிரம் இறுகுவதைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். 1987இல் 53 கிரேடு சிமென்ட்டுக்குத் தனி விதி வந்து அது பரவியபின் இந்த அவசரம் கூடியது. மேற்பரப்பு இறுகுவது வேறு, உள்ளே பலம் ஏறுவது வேறு. குறைந்தது 7 நாள், வெயில் கடுமையான காலத்திலும் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்பது விதி. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது. நிமிர்ந்து நிற்கும் தூணில் தண்ணீர் நிற்காது. சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். வீட்டைத் தாங்கும் தூணே பெரும்பாலும் நனையாமல் போகிறது.

சென்டரிங் பலகைக்கு நாள்வாடகை ஏறுகிறது என்று முட்டுகளை முன்னதாக எடுப்பதும் உண்டு. நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்குமேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். உத்தரங்களுக்கு நீளத்தைப் பொறுத்து 14 முதல் 21 நாள் தேவை.

அறையின் அகலத்தைத் தேக்குக் கட்டையின் நீளம் தீர்மானித்த காலம் போய், இருபதடி ஹால் கேட்கும் காலம் வந்தது. பத்தடி அறைக்குப் போட்ட அதே நாலரை அங்குலத் தளத்தை அதற்கும் நீட்டினால் நடுவில் தொய்வு விழும். தளத்தின் கனமும் உத்தரத்தின் இடமும் கணக்கிலிருந்து வர வேண்டும், வழக்கத்திலிருந்து வரக்கூடாது. தூண்களுக்கும் இதுவே பொருந்தும். 2001 ஜனவரி குஜராத் நிலநடுக்கத்தில், கீழ்த்தளத்தைச் சுவரின்றி வண்டி நிறுத்தத்துக்கு விட்ட அடுக்குமாடிகள் அகமதாபாத்தில் இடிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் உண்டான அதிர்வு சென்னையிலும் உணரப்பட்டது. நிலநடுக்க விதியின் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

வீட்டுக்குள் வந்த ஈரம்

பழைய வீடுகளில் குளியலும் கழிப்பும் வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில். மாடிச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடிய வரலாறு இல்லை. அறையோடு சேர்ந்த கழிப்பறை பரவியபின், தளத்தின் நடுவே நாள் முழுதும் ஈரம் நிற்கும் இடங்கள் உருவாயின. குளியலறைப் பள்ளத்தை டைல்ஸ் பதிக்குமுன் நீர்க்காப்புப் பூச்சு பூசி, தண்ணீர் நிரப்பி, ஓரிரு நாள் கீழ்த்தளத்தில் கசிவு பார்ப்பது பலரும் தவிர்க்கும் வேலை. டைல்ஸ் போட்டபின் கசிவைத் தேடுவதற்கு ஆகும் செலவு, முதலில் செய்யும் பூச்சின் செலவைவிடப் பன்மடங்கு.

மொட்டைமாடியிலும் இதே கதைதான். கான்கிரீட் இருக்கும்போது செங்கல் ஜல்லித் தளம் எதற்கு என்று அதைக் கைவிட்டார்கள். அந்த அடுக்கு மூன்று வேலை செய்தது: வெயிலைத் தடுத்தது, மழைநீருக்கு வாட்டம் கொடுத்தது, கான்கிரீட் வெப்பத்தில் விரிந்து சுருங்குவதைக் குறைத்தது. அது இல்லாத வீட்டில் பகலெல்லாம் சூடேறிய தளம் இரவில் அறைக்குள் வெப்பத்தை இறக்குகிறது. மழைநீர் தேங்கிய இடமெல்லாம் ஒழுகுகிறது.

கூரை நீரைத் தெருவில் விடாமல் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்ப வேண்டும் என்பதை 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. ஒப்புதலுக்காகக் குழாயை மட்டும் மாட்டி, குழியில் ஜல்லியும் மணலும் நிரப்பாமல் விடுவது இதில் நேரும் பிழை. கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் போதிய தூரம் தள்ளி வைக்காதது அதைவிட ஆபத்தானது.

அளவும் அமைப்பும்

திசை பார்த்து மனை வகுப்பது தமிழில் பழைய வழக்கம். நடுப்பகலில் கோல்நிழல் கொண்டு திசை கண்டு, கயிறு பிடித்து அரண்மனை வகுத்ததை நெடுநல்வாடை விவரிக்கிறது. பிற்கால மனையடி சாஸ்திரம் அறையின் உள்நீளத்துக்கு ஏற்ப நல்ல அடி, ஆகாத அடி என்று பிரித்தது. சுவர் தாங்கும் வீட்டில் கட்டும்போதே ஒரு சுவரை அரையடி நகர்த்தலாம். தூண் போட்டு எழும்பிய வீட்டில், பாதியில் யாரோ சொன்னார் என்று அறையை நகர்த்தினால் சுவருக்கு அடியில் உத்தரம் இருக்காது. தளம் தாங்காத பாரத்தைத் தாங்கும். வாஸ்துவோ மனையடியோ பார்ப்பவர் வரைபடம் முடியும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

காற்றும் வெளிச்சமும் முற்றத்தோடு போயின. 2400 சதுர அடியுள்ள ஒரு கிரவுண்டு இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்தபோது முற்றத்துக்கு இடமில்லை. மூன்றடி தள்ளி நிற்கும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கும் ஜன்னலால் பயன் குறைவு. எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைத்துக் காற்றை ஊடாக ஓட விடுவதும், மேற்குச் சுவரையொட்டிப் படுக்கையறையைத் தவிர்ப்பதும், மாடிப்படிக்கு மேலே வெப்பக் காற்று வெளியேற வழி வைப்பதும் முற்றம் செய்த வேலையில் ஒரு பங்கையாவது மீட்கும்.

ஒப்பந்தமும் ஆவணமும்

பழைய முறையில் வீட்டுக்காரர் பொருளை வாங்கித் தந்து, கொத்தனாருக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் நாள்கூலி கொடுத்தார். வேலை மெதுவாக நடந்தது; தினமும் கண்ணில் பட்டது. பிறகு கூலி மட்டும் பேசும் லேபர் கான்ட்ராக்ட்டும், பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்னும் முறையும் வந்தன. நூறு சதுர அடியைச் ‘சதுரம்’ என்று கணக்கிடும் மேஸ்திரியிடம், எதுவரை சதுரத்தில் சேரும் என்று எழுதி வாங்காததே பெரும்பாலான தகராறுகளின் மூலம். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், பால்கனி, லாஃப்ட் ஆகியவை விலைக்குள்ளா வெளியிலா, கம்பி எத்தனை மில்லிமீட்டர், சிமென்ட் எந்த வகை, பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முடிந்த வேலைக்கு மேல் முன்பணம் கொடுப்பதும், சுவர் எழும்பிய பிறகு வரைபடத்தை மாற்றுவதும் செலவை மீறவைக்கும் இரண்டு பெரிய காரணங்கள்.

மனை அங்கீகாரம் பற்றிய சட்டம் 1920இன் சென்னை நகரமைப்புச் சட்டத்தில் தொடங்கி, 1971இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் விரிந்தது. ஆனாலும் அங்கீகாரமில்லாத மனைகள் பல்லாண்டுகள் தடையின்றிப் பதிவாயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய பதிவுக்குத் தடை விதித்தபோது ஏராளமானோர் சிக்கினார்கள். 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டட விதிகள் 2019இல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி ஆகிய ஐந்தும் கையில் வருமுன் வாணம் தோண்டக்கூடாது. 2016இன் ரியல் எஸ்டேட் சட்டம், கட்டி விற்பவர் ஐந்து ஆண்டுக்குக் கட்டமைப்புக் குறைகளைச் சரிசெய்து தரவேண்டும் என்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய பாதுகாப்பு அவர் எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான்.

பிழைகளின் தரவரிசை

எல்லாப் பிழைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. பெயின்ட், டைல்ஸ், கதவு, மின்விளக்கு ஆகியவற்றில் நேரும் தவறுகளைப் பணம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மண், அடித்தளம், தரை உயரம், கம்பியின் இடம், கான்கிரீட்டின் தரம் ஆகிய ஐந்தில் நேர்ந்த தவறை வீடு நிற்கும்வரை மாற்ற முடியாது. மாற்றினாலும் புது வீட்டுக்கு ஆகும் செலவாகும். ஆனால் பல குடும்பங்கள் நேரத்தையும் கவனத்தையும் முதல் வகைக்கே கொடுக்கின்றன. இரண்டாவது வகையை மேஸ்திரியிடம் விட்டுவிடுகின்றன. வீடு கட்டுபவர் மூன்று நாள்களிலாவது பொறியாளரோடு மனையில் நின்றே ஆக வேண்டும்: அடித்தளக் கம்பி கட்டி மூடுவதற்கு முந்தைய நாள், பேஸ்மட்டம் நிரப்பும் நாள், தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் நாள். அதன்பிறகு பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே.